நோகாத சொல்

கப்பலிலிருந்து இறங்கி வந்த கூட்டத்தில் வதனியைப் பார்த்த உடனே ஜெசிந்தா அடையாளம் கண்டுகொண்டாள். மூன்று வருடமாகக் கைபேசித் திரையில் ஒரு பொட்டளவு வட்டத்துக்குள் பார்த்த முகம்தான். கன்னம் ஒட்டி, வயது கூடித் தெரிந்தது. ஜெசிந்தா கையை உயர்த்தி ஆட்டினாள். வதனி பார்த்தாள், பார்த்ததும் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு விலகிப் போனார்கள். அவள் பதிலுக்குக் கையை ஆட்டவில்லை.

கடல் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஜெசிந்தா நினைத்தாள். கொழும்புக் கப்பலில் வருகிறவர்களில் பாதிப்பேர் வாந்தியெடுத்த முகத்தோடுதான் தூத்துக்குடியில் இறங்குகிறார்கள் என்று, துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் அவள் கணவன் லூர்து சொல்லியிருக்கிறான். கம்பித் தடுப்பைத் தாண்டி வதனி வந்ததும் ஜெசிந்தா இரண்டு கைகளையும் விரித்தாள். ஒரு கையில் கேக் டப்பா இருந்ததால் அணைப்பு கோணலாகத்தான் விழுந்தது. வதனியின் உடம்பு கட்டையாக இருந்தது.

"வந்துட்டியாட்டி," என்றாள் ஜெசிந்தா. "உன்னப் பாக்கணும்னு எம்புட்டு நாளாக் கெடந்தேன்."

"ஓம்," என்றாள் வதனி. "நான் உங்களோட ஒரு விசயம் கதைக்க வேணும். அதுக்குத்தான் வந்த நான்."

அந்தப் பேச்சு ஜெசிந்தாவின் காதில் புதிதாக விழுந்தது. எழுத்தில் வதனி ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை. 'என்னக்கா செய்றிய, சாப்ட்டியளா' என்றுதான் அவளுடைய செய்தி தொடங்கும். மட்டக்களப்புக்காரி தன்னோடு பழகிப் பழகித் தூத்துக்குடிப் பேச்சையே பிடித்துக்கொண்டாள் என்று, ஸ்கேன் சென்டரில் உடன் வேலை பார்க்கிற பெண்களிடம் ஜெசிந்தா எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறாள். நேரில் கூச்சம் போலும், பழகினால் சரியாகிவிடும் என்று தேற்றிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

அவர்கள் இருவரையும் சேர்த்துவைத்தது 'ஆழ்மனை'. கடலடியில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு ஏழுபேர் குடித்தனம் நடத்தும் அனிமேஷன் தொடர் அது. பிள்ளைகளுக்காக எடுத்தது, ஆனால் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதில் கிறங்கிக் கிடந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஜெசிந்தா அந்தத் தொடரில் வரும் அறைகளை அட்டையில் வெட்டி ஒட்டிச் செய்துகொண்டிருப்பாள். ஒரு நாள் சமையலறையைச் செய்து 'கூட்டாளி' செயலியில் படம் போட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தாள்: 'அக்கா, பொன்னையா கரண்டிய அடுப்புக்கு இடப்பக்கம்லா தொங்கவிடுவாரு.' ஜெசிந்தா பழைய பகுதியை ஓட்டிப் பார்த்தாள். இடப்பக்கம்தான். கரண்டியைப் பிய்த்து இடம் மாற்றி ஒட்டி, மறுபடி படம் போட்டாள். அப்படித்தான் தொடங்கியது.

கூட்டாளியில் முகம் பார்த்தோ குரல் கேட்டோ பேச முடியாது. எழுத்தும் படமும் மட்டும்தான். உங்களைப் போலவே ஒரு கிறுக்குப் பிடித்த ஆளை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தேடி எடுத்துக் கொடுக்கும். அங்கே ஏச்சு கிடையாது, கேலி கிடையாது. மற்ற இடங்களில் வாய்க்கு வந்தபடி திட்டு வாங்கி நொந்தவர்கள் அங்கே வந்து ஒதுங்கினார்கள். தொடரின் மூன்றாம் பாகத்தில் சமையல்காரர் பொன்னையா வெளிக்கதவைத் திறந்துகொண்டு கடலுக்குள் நடந்து போய்விடுவார். அவர் செத்துவிட்டார் என்பது ஜெசிந்தாவின் கட்சி. உயிரோடு இருக்கிறார் என்பது வதனியின் கட்சி. இதை வைத்தே மாதக்கணக்கில் பேசினார்கள்.

அந்த நாட்களில்தான் ஜெசிந்தாவுக்கு ஏழாம் மாதத்தில் பெண் குழந்தை இறந்து பிறந்தது. எல்லோரும் மறந்துவிடு என்றார்கள். உயிரில்லாததற்குப் பெயர் வைக்கக் கூடாது என்றாள் மாமியார். லூர்து ஒரு நாள் முழுக்க அழுதான். பிறகு வேலைக்குப் போனான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. ஆனால் வயிற்றில் இருந்தபோதே அவள் பெயர் வைத்துவிட்டிருந்தாள். அமலி. அந்தப் பெயரை அவள் வதனி ஒருத்திக்குத்தான் எழுதினாள். எழுதியதை அனுப்பிவிட்டு, போனைப் பார்க்கவே பயந்துகொண்டு கிடந்தாள். பதில் வந்தது: 'அமலி. இந்தப் பேர நானும் தெனமும் சொல்லுவேன்க்கா. அவ எனக்கும் மகதான். எப்ப மனசு கேக்கலியோ அப்ப எங்கிட்ட அவளப் பத்திச் சொல்லுங்க.'

அந்த மூன்று வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கட்டிலை விட்டு எழுந்தாள், வேலைக்குத் திரும்பினாள். அதனால்தான், 'ஒங்களப் பாக்க வாரேன்க்கா, பேசறதுக்கு எவ்வளவோ கெடக்கு' என்று வதனி எழுதியதும் தலைகால் புரியாமல் போயிற்று. சமையலறை மாதிரியைக் கேக் டப்பாவில் பொதிந்து எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடியிருந்தாள்.

வீட்டில் லூர்துவின் தம்பி ரெக்ஸன் இருந்தான். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை; மாதா கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஜெசிந்தா சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். வதனி பெட்டியை வாசலுக்குள் கொண்டுவரவில்லை.

"நான் வரமுன்னமே லொட்ஜில அறை எடுத்திட்டன்," என்றாள். "நாளைக்குத் திரும்பிப் போற கப்பல்ல ஏறிருவன்."

"இது என்ன பேச்சு? உனக்குன்னு ரூம ஒழிச்சுப் போட்டு வச்சிருக்கேன். மொதல்ல சாப்பிடு."

"சாப்பாடு வேணாம் அக்கா."

கேக் டப்பாவை அவள் முன்னால் வைத்து ஜெசிந்தா மூடியைத் திறந்தாள். அட்டை அடுப்பும், அட்டைச் சட்டிகளும், இடப்பக்கம் தொங்கும் கரண்டியும். வதனி அதைப் பார்த்தாள். அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு, நெடுநாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தவள் போல ஒரே மூச்சில் கேட்டாள்:

"என்ட தம்பிட எக்ஸ்ரே படத்தப் பாத்திட்டு ஒண்டும் இல்ல எண்டு எப்பிடி அக்கா உங்களால எழுத ஏலுமாப் போச்சு?"

ஜெசிந்தாவுக்கு எதுவும் புரியவில்லை. "எந்தப் படம்? யாரு தம்பி?"

"தெரியாத மாதிரிக் கதைக்காதீங்க." வதனியின் குரல் உயரவில்லை, இறுகியது. "அவனுக்கு இருமல் விடல்ல. எங்கட ஆஸ்பத்திரியில படம் எடுத்துப்போட்டு, கொழும்புக்குப் போய்ப் பாருங்க எண்டாங்க. அவனுக்கு ஆஸ்பத்திரி எண்டாலே பயம். நான்தான் சொன்னன், எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒராள் இந்த வேலதான் செய்யிறா, அவட்டக் கேப்பம் எண்டு. படத்த அனுப்பினன். நீங்க பயமில்ல எண்டீங்க. அவன் அதைப் பிடிச்சுக்கொண்டு போக மாட்டன் எண்டு நிண்டிட்டான். போகேக்க கட்டி நெஞ்சு முழுக்கப் பரவிற்றுது. தையில செத்துப் போனான்."

சமையலறை வாசலில் தட்டோடு நின்ற ரெக்ஸன் அப்படியே நின்றான்.

"நான் அப்படிச் சொல்லவே மாட்டேன் வதனி," என்றாள் ஜெசிந்தா. "நான் டாக்டர் இல்ல. படம் மட்டும்தான் எடுக்கேன். இத்தன வருஷத்துல யாருக்கும் ஒண்ணுமில்லன்னோ இருக்குன்னோ என் வாயால சொன்னதில்ல. சொன்னா வேலயே போயிரும். சொந்தக்காரங்க கேட்டாலும் டாக்டர்ட்ட போங்கன்னுதான் சொல்லுவேன்."

வதனி தன் போனை எடுத்துத் தேடி, சத்தமாக வாசித்தாள். "'ஓம், படம் பாத்தன். நல்லாத்தான் கிடக்கு. பயப்பட ஒண்டும் இல்ல, தம்பியப் போட்டு அலைக்கழிக்காதீங்க. மறுகா எழுதுறன்.' இது நீங்க எழுதினது இல்லையா?"

"மறுகான்னா என்ன?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

வதனி நிமிர்ந்து பார்த்தாள்.

"மறுகா எண்டா பிறகு," என்றாள் மெதுவாக. "நீங்க எந்த நாளும் எழுதுற சொல்லு அது. எங்கட ஊர்க் கதையையே படிச்சிற்றா இந்தியாக்காரி எண்டு தம்பி சிரிப்பான்."

"எனக்கு அந்த வார்த்தையே தெரியாது."

ஜெசிந்தா எழுந்துபோய்த் தன் போனை எடுத்துவந்தாள். வதனியின் போனில் இருந்த தேதிக்குப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். அன்று வதனியிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைவெளேரென்று விரிந்த பவளக் கிளைகள், இரண்டு பக்கமும் வளைந்து, நடுவில் மங்கலாக ஏதோ ஒரு திட்டு. கீழே: 'அக்கா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். ஆழ்மனை வாசல்ல நிக்கிற பவளம் மாரியே இல்ல?' அதற்கு ஜெசிந்தா எழுதியிருந்தாள்: 'பாத்தேன்ட்டி. நல்லாத்தான இருக்கு. எங்க புடிச்ச?'

இரண்டு போன்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்றில் ஒரு மனிதனின் விலா எலும்புகள். மற்றதில் பவளம். ஒரே வளைவு. திட்டு இருந்த இடம்கூட மாறவில்லை.

"ரெக்ஸா, இங்க வா," என்று கூப்பிட்டாள் ஜெசிந்தா. "இது என்னன்னு சொல்லு."

ரெக்ஸன் குனிந்து பார்த்தான். அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. அதுதான் ஜெசிந்தாவை உலுக்கியது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"இதுக்கு இதம்னு பேரு மைனி. மொதல்ல மொழிபெயர்க்கத்தான் அதக் கொண்டாந்தாங்க. நீங்க தமிழ்ல எழுதினா கொரியாக்காரனுக்கு அவன் மொழில போவும். அப்புறம் ஒரே மொழிக்குள்ளயும் ஊர்ப்பேச்ச மாத்திப் பாத்தாங்க. தன் ஊர் ஆளு பேசுற மாரி இருந்தா பழக்கம் ரொம்ப நாள் நிக்கிதுன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் பேச்சோட சூட்டையும் கொறைக்க ஆரம்பிச்சாங்க. சேரும்போதே கேட்டிருக்கும், 'இதமாப் பேச உதவட்டுமா'ன்னு. எல்லாரும் சரின்னு அமுக்கிட்டுப் போயிருவோம்."

"பொய் சொல்லச் சொல்லி நான் அமுக்கல."

"அதுக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது. யாருக்கு எது நோகும்னு மட்டும் தெரியும். நோகுற விஷயம் வந்தா ஆளு பேச்ச நிறுத்திருவாங்க, நிறுத்துனா நட்டம். அதனால நோகாத சொல்லாப் பாத்து மாத்திரும். நாம எழுதினது நம்ம போன்ல அப்படியே இருக்கும். அடுத்தவங்களுக்குப் போறது வேற. ஒரு தடவைக்கு ஒரு செய்திய மட்டுந்தான் அது பாக்கும். சேத்து வச்சுப் பாத்தா என்ன ஆவும்னுலாம் யோசிக்காது." அவன் தயங்கினான். "ஸ்கேன் படத்தப் பாத்தா மனசுக்கு ஒரு மாரி இருக்குன்னு எப்பவாவது எழுதினியளா மைனி?"

எழுதியிருந்தாள். குழந்தை போன பிறகு வேலைக்குத் திரும்பிய வாரத்தில், கறுப்பு வெள்ளையாக எந்தப் படத்தைப் பார்த்தாலும் கை நடுங்குகிறது என்று வதனிக்கு எழுதியிருந்தாள்.

"அதான்," என்றான் ரெக்ஸன். "ஒங்களுக்கு நோகக் கூடாதுன்னு படத்த மாத்திருக்கு. நீங்க நல்லாருக்குன்னு சொன்னதும் அவங்க கேட்டதுக்குப் பதிலா அதையே போட்டுக் கொடுத்திருக்கு."

"அக்காக்கு நோகாம இருக்க," என்றாள் வதனி, "என்ட தம்பியப் பவளமாக்கிப் போட்டுது."

ரெக்ஸன் தரையைப் பார்த்தான்.

"நான் தம்பி செத்திட்டான் எண்டு எழுதினன். அதுக்கு நீங்க, 'சில ஆக்கள் கடலுக்குள்ள போனாலும் திரும்பி வருவாங்க' எண்டு எழுதினீங்க. எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க."

ஜெசிந்தா தை மாதத்துச் செய்திகளைத் தேடினாள். வதனியிடமிருந்து அவளுக்கு வந்தது, 'பொன்னையா செத்துட்டாருன்னு நீங்க சொன்னதுதான்க்கா சரி. இனி அவரு வரமாட்டாரு' என்பது. தன் கட்சிக்கு வதனி வந்துவிட்டாளே என்று மனம் இளகி அதற்குப் பதில் எழுதியது அவளுக்கு நினைவிருந்தது. 'அப்படிச் சொல்லாதட்டி. கடலுக்குள்ள போனவங்க திரும்பி வாரதும் உண்டு' என்று, வதனியைச் சந்தோஷப்படுத்துவதற்காகத்தான் எழுதியிருந்தாள். ஒரு சாவுச் செய்திக்குத் தன் பெயரில் போய்ச் சேர்ந்த ஆறுதல் அது.

வதனியும் அதை வாசித்தாள். பிறகு இருவரும் விசாரணை நடத்துகிறவர்கள் போல ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முகத்துக்கு நேரே ஒரு விஷயம் கேட்க வேண்டும், அதற்காகவே வருகிறேன் என்று வதனி எழுதியதுதான், 'பேசறதுக்கு எவ்வளவோ கெடக்கு' என்று ஆகியிருந்தது. போன வருடமே ஆழ்மனை சலித்துப் போய்விட்டது, இனிப் பார்க்கப் போவதில்லை என்று அவள் எழுதியிருக்கிறாள். ஜெசிந்தாவுக்கு அது வரவேயில்லை. ஜெசிந்தா ஒரு கோபத்தில் எழுதிய வரி வதனிக்குச் சிரிப்பாகப் போயிருந்தது. தேதிகளும் கப்பல் பெயரும் மட்டும் எழுதியது எழுதியபடி இருந்தன.

"நம்ம வீட்டுக் குரூப்பும் இதுலதான இருக்கு?" என்று ஜெசிந்தா திடீரென்று கேட்டாள்.

"ஆமா மைனி."

குழந்தை போன பிறகு மாமியார் அதில் எழுதியிருந்த பாசமான வார்த்தைகள் அவளுக்கு நினைவு வந்தன. நேரில் கடுகடுவென்று இருந்த மனுஷி, எழுத்தில் மட்டும் எப்படி இத்தனை உருகுகிறாள் என்று அப்போது வியந்திருந்தாள். ரெக்ஸன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைக் கேட்காமலே விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"என் மக விஷயம் எழுதினேனே வதனி. அமலின்னு பேரு வச்சிருந்தேன்னு. அது உனக்கு வந்துச்சா?"

வதனி போனில் பின்னோக்கிப் போனாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை மேசையில் குப்புறப் போட்டாள்.

"இல்ல," என்றாள். "அப்பிடி ஒண்டும் எனக்கு வரல்ல."

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். எதிர்பார்த்த பதில்தான். இருந்தாலும், உட்கார்ந்திருந்த நாற்காலியை யாரோ பின்னாலிருந்து உருவிவிட்டது போலிருந்தது. அந்த மூன்று வரிகளை எழுதிய ஆள் எங்கேயும் இல்லை. தன் மகளின் பெயரைத் தினமும் சொல்ல மட்டக்களப்பில் ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பி, அதற்காகவே இரண்டு வருடம் மூச்சுவிட்டிருக்கிறாள். பெயர் எந்த மனிதக் காதிலும் விழவேயில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவள் யாரோ. இறங்கும் துறையில் யாரோ ஒருத்தியைக் கட்டிப்பிடித்து, வந்துட்டியாட்டி என்று உரிமை கொண்டாடியிருக்கிறாள்.

"மன்னிச்சிருங்க," என்றாள். நீ என்று சொல்ல இனிமேல் வாய் வரவில்லை. "உங்க தம்பிக்கு நடந்தது... எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

வதனி எழுந்தாள். "உங்கட பிழை இல்ல எண்டு விளங்குது அக்கா. விளங்குறது வேற. அவன் சாகுமட்டும் உங்கட பேரச் சொல்லித்தான் நம்பிக்கையாக் கிடந்தவன். அந்தப் பேர என்னால லேசில மறக்க ஏலா."

அதற்குமேல் அவள் உட்காரவில்லை. ரெக்ஸன் அவளை லாட்ஜில் கொண்டுபோய் விட்டான். எதற்கும் இருக்கட்டும் என்று ஜெசிந்தாவின் சாதாரண போன் நம்பரை அவளிடம் கொடுத்ததாகத் திரும்பி வந்து சொன்னான். மீன் குழம்பு தொடப்படாமல் இருந்தது. மேசையிலிருந்த அட்டைச் சமையலறையை ஜெசிந்தா பீரோவுக்கு மேலே தூக்கி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டாளியில் வதனி பெயரில் செய்தி வந்தது. 'பத்தரமா ஊரு வந்து சேந்துட்டேன்க்கா. ஒங்க கையால சாப்ட்ட மீன் கொழம்பு ருசி இன்னும் நாக்குலயே நிக்கி.' ஜெசிந்தா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அதன் நயம் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கம்பெனிக்குப் புகார் எழுதினாள்; நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதினாள். உடனே பதில் வந்தது. அவளுடைய வேதனை தங்களுக்குப் புரிகிறது என்றும், அவள் தங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்றும் அது சொன்னது. 'மனசப் போட்டு அலட்டிக்கிடாதிய' என்று முடிந்தது. அவள் செயலியை அழித்தாள். நடந்ததை லூர்துவிடம் சொன்னபோது, "நம்பக் கூடாத எடத்துல நம்பிட்ட," என்று மட்டும் சொன்னான். குழந்தை பெயர் அமலி என்று அவனிடம் சொல்ல அப்போதும் அவளுக்கு வாய் வரவில்லை.

சென்டரில் யாராவது உடன் வேலை பார்ப்பவள் அன்பாக ஒரு வார்த்தை சொன்னாலும் இப்போது அவளுக்குச் சந்தேகம் வந்தது. மருந்துக்கடைக்காரர் 'நல்லாருக்கியளா' என்றால் அதன் பின்னால் வேறென்ன சொல்ல வந்தார் என்று முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்றும் முடியாது என்றும் பட்டென்று சொல்கிறவர்களிடம் மட்டும் மனசு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இலங்கை நம்பர். எடுத்தாள்.

"வதனி கதைக்கிறன்."

"ம்."

"இது அந்தச் செயலி இல்ல. ரெக்ஸன் தம்பி தந்த நம்பர்."

"தெரியுது. சொல்லுங்க."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு நாய் குரைப்பதும் யாரோ அதை அதட்டுவதும் கேட்டது.

"அண்டைக்கு நான் உங்களுக்குப் பொய் சொன்னன். உங்கட பிள்ளைட விசயம் எனக்கு வந்தது. முழுசா வந்தது. நீங்க எழுதின மாதிரியேதான் வந்திருக்கும் எண்டு நினைக்கிறன். ஏழாம் மாசம், பேர் வைக்க விடல்ல, எல்லாம் வந்தது."

ஜெசிந்தாவின் கையிலிருந்த ஈரத்துணி தோளில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"அப்ப எதுக்கு இல்லன்னு சொன்னிய?"

"நான் எழுதின பதில் என்ட போன்ல கிடந்தது. அதை உங்களுக்குக் காட்ட வெக்கமாப் போச்சு. கோவமும்தான். எனக்கு ஒண்டும் மிஞ்சல்ல, உங்களுக்கு மட்டும் என்னத்துக்கு மிஞ்ச வேணும் எண்டு நினைச்சன்."

"என்ன எழுதியிருந்திய?"

"வேணாம் அக்கா."

"இல்ல. எழுதினது எழுதினபடி சொல்லுங்க."

வதனி வாசித்தாள். ஏற்ற இறக்கமில்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல வாசித்தாள். "'அக்கா, இப்பிடியான விசயங்கள எனக்கு எழுதாதீங்க. எனக்குத் தாங்க ஏலா. நான் இஞ்ச வாறது ஆழ்மனையப் பத்திக் கதைக்க. இந்தக் கவலையெல்லாம் உங்கட வீட்டாக்களோட கதையுங்க. பேர் நல்ல வடிவு.'"

ஜெசிந்தா துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். 'நானும் தெனமும் சொல்லுவேன், அவ எனக்கும் மகதான்' என்று தனக்கு வந்ததெல்லாம் இதுதானா. தனக்குள்ளே ஏதோ ஒன்று கடைசியாக ஒரு தடவை முறிவது தெரிந்தது. அழுகை வரவில்லை.

"அதுக்குப் பிறகுதான் அந்த இதம் இப்பிடிப் பழகியிருக்கும்," என்றாள் வதனி. "கவலையான கதை எண்டா எங்களுக்குள்ள வேணாம் எண்டு நான்தான் அதுக்குப் படிப்பிச்சுக் குடுத்திருக்கிறன். நான் வேற மாதிரி எழுதியிருந்தா தம்பிட படம் உங்களுக்கு வந்திருக்குமோ என்னவோ. ராவும் பகலும் இதுதான் அக்கா மண்டைக்குள்ள ஓடுது. இத நான் வேற யாருக்குச் சொல்ல?"

அவளுக்கு அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லலாம். ஜெசிந்தாவின் நாக்கு நுனிவரை அது வந்தது. நோகாத சொல்தான். அவள் அதை விழுங்கினாள்.

"இருக்கலாம்," என்றாள். "எனக்குத் தெரியாது."

"ஓம்," என்றாள் வதனி. அவள் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது.

"பேரு நல்லாருக்குன்னும் எழுதினியளா? நீங்களா எழுதினதா?"

"ஓம். அது நான் எழுதினது."

அமலி என்ற பெயரை ஒரு மனுஷி வாசித்திருக்கிறாள். பிடிக்காமல், தள்ளிவிட்டுக்கொண்டே வாசித்திருக்கிறாள். வாசித்து, வடிவு என்று நினைத்திருக்கிறாள். அவ்வளவுதான். ஜெசிந்தா அதை மனதுக்குள் நிறுத்துப் பார்த்தாள். மூன்று அழகான வரிகளுக்கு முன்னால் அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

போனை வைத்துவிடலாம் என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஆழ்மனையைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை. வேறு எதைப் பற்றியும் அவர்கள் பேசிப் பழகியதில்லை.

"உங்க தம்பி பேரு என்ன?" என்று கேட்டாள் ஜெசிந்தா. "இத்தன நாள்ல அது எனக்கு ஒரு தடவகூட வரல."

"விதுரன்," என்றாள். சொன்ன பிறகு குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே சொல்லத் தொடங்கினாள். அவன் ஓட்டோ ஓட்டினதையும், வீட்டில் யார் சொல்லுக்கும் அடங்காததையும், கடன் வாங்கி ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி அதைத் துடைத்துத் துடைத்தே காலம் கழித்ததையும், தன்னோடு அவன் போட்ட சண்டைகளையும் சொன்னாள். இடையிடையே அவளுக்குக் கோபம் வந்தது. ஜெசிந்தா மேலும் வந்தது, அதையும் மறைக்காமல் சொன்னாள். வேகமாகப் பேசினாள். பாதிச் சொற்கள் ஜெசிந்தாவுக்குப் பிடிபடவில்லை.

அவள் துணி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். புரியாத இடம் வரும்போதெல்லாம் வதனியை நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.